இரண்டு சுத்தியல்களும் ஒரு கையறுநிலையும்: மைதான இழப்புப் பற்றிய ரசிகர் கூற்றுகள்

களுவாஞ்சிக்குடியில் மாலை வேளைகளில் உதைபந்தாடும் இளைஞர் அணியும் மேற்சட்டைகள் பெரும்பாலும் ஐரோப்பியக் கழகங்களுடையவை. வெளிநாட்டிலுள்ள அண்ணனோ மச்சானோ அனுப்பியவை சில. கல்முனைக் கடைகளில் வாங்கிய போலிகள் பல. அவற்றுள், கருஞ்சிவப்பு உடலும் வெளிர்நீலக் கைகளும் கொண்ட ஒரு சட்டையின் மார்பில் இரு சுத்தியல்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்பதைக் கண்ட முதியவர் ஒருவர், "தம்பி, சுத்தியல் ரெண்டு கிடக்கு, அரிவாளைக் காணல்லையே?" என்று கேட்டார். அவர் ஒரு காலத்தில் இடதுசாரித் தொழிற்சங்கமொன்றில் இருந்தவர். "அது கட்சியில்ல மாமா, வெஸ்ற் ஹாம்" என்றான் பையன்.

வேடிக்கையாகக் கேட்கப்பட்ட அக்கேள்வி உண்மையில் ஓர் ஆய்வு வினாவாகும். உழைப்பின் கருவி ஒன்று, உழைப்பைப் பற்றிய எந்த எண்ணத்தையும் எழுப்பாமல் கடல் கடந்து வந்து ஓர் இளைஞனின் நெஞ்சில் அமர்ந்திருப்பது எவ்வாறு நேர்ந்தது? சுத்தியல் எஞ்ச, அதனைப் பிடித்த கை எங்கே போயிற்று?

கிழக்கு இலண்டனின் வெஸ்ற் ஹாம் யுனைற்றட் கழகம், தான் 112 ஆண்டுகள் விளையாடிய பொலின் மைதானத்தை 2016இல் விட்டு நீங்கியபோதும், அதன் பின்னரும் அக்கழகத்தின் ரசிகர்கள் பேசியவற்றை இக்கட்டுரை ஒரு வாய்மொழி ஆக்கமாகக் கொண்டு நோக்க முற்படுகிறது. விளையாட்டு ரசிகரின் பேச்சைத் தமிழாய்வாளர் பொருட்படுத்துவதேன் என்று சிலர் ஐயுறலாம். பேராசிரியர் கைலாசபதி பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து, 1968இல் நூலாக வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆய்வு, சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் வாய்பாடுகளால் ஆனவையாகவும் ஒரு குறித்த சமுதாய அமைப்பின் விளைபொருளாகவும் நோக்க நமக்குக் கற்றுத்தந்தது. வாய்பாடுகள் பாணரோடு ஒழிந்துவிடவில்லை. மக்கள் கூட்டாக ஓர் இழப்பைப் பேசும் இடமெல்லாம் அவை மீண்டும் தோன்றுகின்றன. நம்முடைய இலக்கணமே அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறது.

ஆய்வின் நிமித்தம் நான் இலண்டனில் இருந்த நாள்களில் ஈஸ்ற் ஹாமில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய பகுதிகளுள் அது ஒன்று. நிலக்கீழ்ப் புகையிரதத்தில் அதற்கு ஒரு தரிப்பிடம் முன்னதாக உள்ள அப்ரன் பார்க்கிலேதான் பொலின் மைதானம் இருந்தது. போட்டி நாள்களில் அந்நிலையத்தில் கருஞ்சிவப்புச் சட்டைக் கூட்டம் இறங்கி, கிறீன் ஸ்றீற்றின் சேலைக் கடைகளையும் நகைக் கடைகளையும் கடந்து மைதானத்துக்குச் செல்லும். அவர்களுட் பெரும்பாலோர் அப்பகுதியில் வாழ்பவரல்லர். பாட்டன் காலத்தில் வாழ்ந்து, பின்னர் எசெக்ஸ் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள். அங்கே வாழ்ந்த நம்மவரோ மைதானத்துக்குள் காலடி வைத்தவரல்லர். ஒரே தெருவில் இரு கூட்டத்தார் நான்கு மணி நேரம் தோளுரசி நடந்துவிட்டுப் பிரிந்துபோவதை அங்கு காணலாம்.

2016 மே 10ஆந் திகதி பொலினில் இறுதிப் போட்டி நடைபெற்றது. எதிரணி மான்செஸ்ரர் யுனைற்றட். வெஸ்ற் ஹாம் 3-2 என்ற கணக்கில் வென்றது. இரும்பாலைத் தொழிலாளரின் கழகமாகப் பிறந்த ஒன்றும், நியூற்றன் ஹீத் என்ற பெயரில் புகையிரதத் தொழிலாளரின் கழகமாக 1878இல் பிறந்த ஒன்றும் அன்றிரவு பொருதின. இரண்டுமே அப்போது கோடீசுவரர்களின் உடைமை. மைதானம் கட்டட நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, இடிக்கப்பட்டு, 800க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடித் தொகுதியாயிற்று. கழகம், 2012 ஒலிம்பிக் போட்டிக்காகப் பொதுப்பணத்தில் எழுப்பப்பட்ட அரங்குக்கு, ஆண்டுக்கு 25 இலட்சம் பவுண் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகையாளராகச் சென்றது. ஓட்டப் போட்டி அரங்கை உதைபந்தாட்டத்துக்கு ஏற்ப மாற்றுவதற்கு ஆன 32 கோடி 30 இலட்சம் பவுணில் கழகம் கொடுத்தது ஒன்றரைக் கோடி மாத்திரமே. மிகுதியைக் கொடுத்தவர் வரியிறுப்போர்.

இனி, ரசிகர் கூற்றுகளுக்கு வருவோம். அவற்றிற் சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மைதானம் 'வீடு' எனப்படுகிறது. கழகத்துக்கு 'ஆன்மா' உண்டு, அது விற்கப்பட்டுவிட்டது. தந்தையின் கைபிடித்து முதன்முதலில் உள்ளே சென்ற நாள் ஏறக்குறைய எல்லோராலும் சொல்லப்படுகிறது. போட்டிக்கு முன் உண்ட இறைச்சிப் பணியாரமும், தெருமூலையின் மதுச்சாலையும், மின்விளக்கின் கீழ்ப் பசுமையாய்த் தோன்றிய புல்லும் வரிசையாக வந்து நிற்கும். இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக, 'நாங்கள் இரும்புக்காரர்' என்ற பெருமிதம் ஒலிக்கும். கப்பல் கட்டிய கைகளின் வழித்தோன்றல்கள் தாம் என்பதே அதன் பொருள். புதிய அரங்கின் மீது அவர்கள் சுமத்தும் குற்றங்களுள் முதன்மையானது, ஓட்டப் பாதையால் புல்வெளி கண்ணுக்கெட்டாமற் போயிற்று என்பதன்று. அதற்கு முன்னோர் இல்லை என்பதேயாகும்.

இது கையறுநிலை. புரவலனை இழந்த புலவன், அவனையும் அவனுடைய நாட்டையும் நினைந்து செயலற்று வருந்தும் புறத்துறை அது. பாரி மாய்ந்தபின் கபிலர் பறம்பை நோக்கிப் பாடியவற்றை எண்ணிப் பார்க்கலாம். அத்துறையில் மூன்று கூறுகள் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துள்ளன: இழந்த இடம், இழந்த வள்ளல், இழந்தோனின் கையறவு. மூன்றாவதே துறைக்குப் பெயர் தந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. கையறுநிலையில் நிற்பவனுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை, பாடுவதைத் தவிர.

பறம்பு பற்றிய பாடல்களில் இன்னொன்றும் நம் கவனத்துக்குரியது. கையறுநிலைத் துறையினதன்று எனினும், அதே தொகுதியைச் சார்ந்த கபிலர் பாட்டொன்றில், பறம்பு மலை ஏர்பூட்டாமலே மூங்கிலரிசியும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தருவதாகச் சொல்லப்படுகிறது. முற்றுகையிட்ட வேந்தருக்கு அம்மலையைப் பட்டினியால் அடக்க முடியாது என்று காட்டுவது பாட்டின் நோக்கம். எனினும் விளைவு யாது? மலையின் வளத்தில் உழைப்போருக்கு இடமில்லை. வளம் மலையிலிருந்து வருகிறது, மலை பாரியினுடையது, ஆகவே வளம் பாரியிலிருந்து வருகிறது. கபிலரைக் குறைகூறுவது என் கருத்தன்று. வள்ளலை மையமாகக் கொண்ட எந்தப் பாட்டு மரபும் உழைப்பை இயற்கைக்குள்ளோ ஈகைக்குள்ளோ கரைத்துவிடும் தன்மையுடையது என்பதே இங்கு வலியுறுத்தத் தக்கது.

வெஸ்ற் ஹாம் ரசிகரின் பாரி யார்? அர்னோல்ட் ஹில்ஸ். தேம்ஸ் நதியோடு லீ ஆறு கலக்கும் முகத்தில் இயங்கிய தேம்ஸ் இரும்பாலை என்ற கப்பல் கட்டும் கம்பனியின் தலைவர். 1860இல் 'வொறியர்' என்ற இரும்புடல் போர்க்கப்பலை மிதக்கவிட்ட ஆலை அது. ஹில்ஸ் ஹரோவிலும் ஒக்ஸ்போர்டிலும் கற்றவர், இங்கிலாந்துக்காக ஒருமுறை உதைபந்தாடியவர், மது அருந்தாதவர், மரக்கறி உண்பவர். சில ஆண்டுகள் தம் தொழிலாளர் வாழ்ந்த கனிங் ரவுணிலேயே குடியிருந்தவர். 1895இல் ஆலைத் தொழிலாளருக்கென உதைபந்தாட்டக் கழகம் தொடங்கியவரும் இவரே. தமிழ் வாசகருக்கு இவர் முற்றிலும் அந்நியரல்லர்: காந்தி தம் சுயசரிதையில், இலண்டன் மரக்கறியுணவாளர் சங்கத்தின் தலைவராகக் குறிப்பிடும் ஹில்ஸ் இவரேதான். கருத்தடையை ஆதரித்தார் என்பதற்காக மருத்துவர் அலின்சனைச் சங்கத்திலிருந்து நீக்க ஹில்ஸ் முற்பட்டபோது, செயற்குழுவில் இருந்த இளம் காந்தி, ஒருவரின் ஒழுக்கக் கொள்கையைக் காரணங்காட்டி அவரை வெளியேற்றலாகாது என்று வாதிட்டுத் தோற்றார். சங்கம் ஹில்ஸின் பணத்தால் நடந்தது. தாம் நல்லதென்று கருதியதைப் பிறர்மேல் சுமத்தும் உரிமை பணத்தோடு சேர்ந்தே வருவதாக அவர் நம்பினார் என்பதற்கு அந்நிகழ்ச்சி போதிய சான்றாகும்.

ரசிகரின் கூற்றில் ஹில்ஸ் வரும்போது வள்ளலாகவே வருகிறார். எட்டு மணி நேர வேலைநாளைத் தந்தார், இலாபத்தில் பங்கு தந்தார், கழகத்தைத் தந்தார், மைதானத்தைத் தந்தார். 'தந்தார்' என்ற வினையைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும்.

ஹில்ஸின் ஆலையில் எட்டு மணி வேலைநாள் 1894இல் வந்தது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னதாக, 1889இல், அதே வட்டாரத்தின் பெக்ரன் வாயுத் தொழிற்சாலையில் வில் தோர்ண் என்ற, எழுத்தறிவு குறைந்த தொழிலாளி ஒருவர் வாயுத் தொழிலாளர் சங்கத்தை அமைத்து, பன்னிரண்டு மணி வேலைநாளை எட்டாகக் குறைக்கச் செய்தார். தோர்ணுக்கு எழுதப் படிக்க உதவியவர் கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர். அதே ஆண்டில் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு வேலைநிறுத்தம் செய்து வென்றனர். சில்வர்ரவுண் இறப்பர் ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழப் பன்னிரண்டு வாரம் போராடித் தோற்றனர். அங்குள்ள பெண் தொழிலாளரைச் சங்கக் கிளையாக அமைத்தவரும் எலினோரே. 1892இல் வெஸ்ற் ஹாமின் தென் தொகுதி கீர் ஹார்டியைச் சுயேச்சைத் தொழிலாளர் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஹில்ஸின் ஆலையும் தொழிற்பூசல்களுக்கு விலக்காக இருக்கவில்லை. இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, 1895இல் தோன்றிய கழகம் வள்ளன்மையின் மலர்ச்சி என்பதைக் காட்டிலும், விழித்துக்கொண்ட ஒரு வர்க்கத்தைத் தன் பக்கம் வைத்திருக்க முதலாளி மேற்கொண்ட நல்லெண்ண முயற்சி என்பதே பொருத்தமாகும். நல்லெண்ணம் உண்மையானது, அதன் தேவையும் உண்மையானது.

மைதானத்தின் கதை இன்னும் கூர்மையானது. 1897இல் ஹில்ஸ் தம் பெருஞ்செலவில் 'நினைவு மைதானம்' ஒன்றை அமைத்துக் கழகத்தை அங்கே விளையாடச் செய்தார். பணத்துக்கு ஆடுவோரைச் சேர்ப்பதை அவர் விரும்பவில்லை. 1900இல் ஆலைக் கழகம் கலைக்கப்பட்டு, பங்குகள் கொண்ட வெஸ்ற் ஹாம் யுனைற்றட் கம்பனி உருவாயிற்று. 1904இல் நினைவு மைதானத்தில் அவர்களுடைய இருப்பு நீடிக்கப்படாமற்போக, இடமற்றவர்களாகவே அவர்கள் பொலினுக்கு வந்தனர். எந்த மைதானம் 'வீடு' என்று 112 ஆண்டுகள் போற்றப்பட்டதோ, அது வள்ளல் வெளியேற்றியபின் கிடைத்த ஒதுங்கிடம். 2016இல் நேர்ந்தது புதிய துரோகமன்று. கழகத்தின் பிறப்போடு ஒட்டிய உறவுமுறை மறுபடி செயற்பட்டதேயாகும். மைதானம் உடையவனுடையது. ஆடியவனுக்கும் பார்த்தவனுக்கும் அதில் இருந்தது நினைவு மாத்திரமே. இந்த 1904ஐ ரசிகர் கூற்றுகளில் நான் அரிதாகவே கேட்டேன்.

1898 ஜூனில் 'அல்பியன்' போர்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டபோது எழுந்த அலையில் பார்வையாளர் நின்ற மேடை சரிந்து 38 பேர் மாண்டனர். தொழிலாளர் குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளுமே அவர்களுட் பலர். 1912இல் ஆலை மூடப்பட்டது. நிலக்கரியும் உருக்கும் அருகே கிடைத்த வடக்குத் துறைகளோடு தேம்ஸ் போட்டியிட முடியவில்லை. ஆலை வாழ்ந்த காலத்தைக் காட்டிலும் ஆலையின் சின்னம் வாழ்ந்த காலம் நீண்டது. இன்று சுத்தியலைப் பாடும் ரசிகரில் அவ்வாலையைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர்.

இங்கே இரு எளிய முடிபுகள் நம்மை அழைக்கின்றன. இரண்டையும் மறுத்தாக வேண்டும். ஒன்று, இது வெறும் ஏக்கம், முதலாளியின் விளம்பரத்துக்கு மயங்கிய போலியுணர்வு என்று தள்ளிவிடுவது. நம்மிடையே சில இடதுசாரி நண்பர்கள் விளையாட்டை எப்போதும் இவ்வாறுதான் பேசுகிறார்கள். சரசுவதி பூசைக்கும் அதே தீர்ப்பு, உதைபந்துக்கும் அதே தீர்ப்பு. மற்றையது, இதனைத் தொழிலாளி வர்க்கத்தின் அழியாத நினைவென்று கொண்டாடுவது. றேமண்ட் வில்லியம்ஸ் 'கிராமமும் நகரமும்' பற்றிய தம் 1973ஆம் ஆண்டு நூலில், ஒவ்வொரு தலைமுறையும் பொற்காலத்தைத் தனக்குச் சற்று முந்திய தலைமுறையில் வைப்பதையும், அதனைத் தேடிச் செல்பவன் நகரும் படிக்கட்டில் நிற்பவன்போல மேலும் மேலும் பின்னோக்கிக் கொண்டுபோகப்படுவதையும் எடுத்துக்காட்டினார். எனினும் அவர் அதனை நகைத்து நிறுத்திவிடவில்லை. ஒவ்வொரு ஏக்கமும் தன் காலத்தின் ஓர் உண்மையான குறையையே பேசுகிறது என்பது அவர் கண்ட முடிபு. பொலினுக்கு அழுதவர்கள் அழுதது புல்லுக்காக மட்டுமன்று. துறைமுகங்கள் 1981இல் மூடப்பட்டுவிட்டன; ஆலைகள் போயின; சங்கங்கள் தளர்ந்தன. பல்லாயிரம் பேர் ஒருங்கே நின்று ஒரே குரலெழுப்பக்கூடிய கடைசி இடமாக எஞ்சியது அது.

ஆகவே குற்றம் உணர்விலன்று, வடிவத்தில். கையறுநிலை என்ற வடிவம் புரவலனைக் கேட்கிறது. புரவலன் நல்லவனாயின் புகழ்ச்சி, தீயவனாயின் வசை. ஆனால் புரவலன் வேண்டாம் என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. 2018 மார்ச் 10ஆந் திகதி, பேர்ண்லிக்கு எதிரான போட்டியில் ரசிகர் சிலர் களத்துக்குள் பாய்ந்தனர். ஒருவர் மூலைக்கொடியைப் பிடுங்கி மைதான நடுவிலே நட்டார். உரிமையாளர் இருந்த மேடையின் முன் ஒரு பெருங்கூட்டம் கூடிக் கூச்சலிட்டது. கோபம் மெய்யானது. எனினும் வாக்குறுதியை மீறிவிட்டாய் என்பதுதான் அக்கோபத்தின் உள்ளுறை. அது வஞ்சிக்கப்பட்ட இரவலனின் குரல்.

வடிவத்தின் இக்குறையை உரிமையாளர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்குக் கழகச் சின்னமே சான்று. 2016இல் அது மாற்றப்பட்டது. பொலின் மைதானத்தை நினைவூட்டிய கோட்டை நீக்கப்பட்டது, சுத்தியல்கள் இருத்தப்பட்டன, கீழே 'லண்டன்' என்ற சொல் சேர்க்கப்பட்டது. இதை ஒரு பாடபேதமாகக் கொண்டு வாசித்தால், விடுபட்டது இடம். சேர்ந்தது உலகச் சந்தையில் விலைபோகும் நகரத்தின் பெயர். எஞ்சியது உழைப்பின் சின்னம். உழைப்பின் சின்னத்தை ஏன் விடவில்லை? அதனால் எவருக்கும் எவ்வித இடையூறும் இல்லை என்பதால். இடம் ஓர் உரிமைக் கோரிக்கையாக மாறக்கூடும். போராட்டம் கழிந்த சுத்தியலோ வெறும் அணிகலன். களுவாஞ்சிக்குடி முதியவரின் கேள்விக்கு விடை இதுவே.

கிறீன் ஸ்றீற்றின் மற்றைக் கூட்டத்தாரை நாம் மறந்துவிடலாகாது. ரசிகரின் 'நாங்கள்' என்ற சொல் யாரை உள்ளடக்குகிறது? 'இந்த இடம் மாறிவிட்டது' என்ற வாய்பாடும் அவர்களின் பேச்சில் அடிக்கடி வருகிறது; சொல்பவனின் தொனியைப் பொறுத்து அது கட்டட முதலாளியையும் குறிக்கலாம், சேலைக் கடைக்காரனையும் குறிக்கலாம். ஆலையின் கடந்தகாலத்துக்கு வாரிசு யார் என்று கேட்டால், ரத்தவழி வாரிசே வாரிசென்பது அவர்கள் கூற்றில் சொல்லாமற் சொல்லப்படும் விடை. ஆயின் இலண்டன் துறைமுகங்களில் இறங்கிய தேயிலையைக் கொய்தவர் மலையகத் தமிழ்த் தொழிலாளர். சில்வர்ரவுணிற் சுத்திகரிக்கப்பட்ட சீனிக்கும் கடலுக்கப்பால் ஒரு தோட்டமும் கூலியும் இருந்தன. கிழக்கு இலண்டனின் தொழிற்காலம் என்பது அங்கு மாத்திரம் நிகழ்ந்த ஒன்றன்று. அதன் பாதி நுவரெலியாவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் நிகழ்ந்தது. அவ்வகையில், 1983க்குப் பின் ஈஸ்ற் ஹாமில் வந்திறங்கிய தமிழனும் அவ்வரலாற்றின் உள்ளேயே வந்திறங்கினான். வேறு வாசல் வழியாக.

இதனைக் கோட்பாட்டுப் பேச்சென்று கருதுவோர் மைதானத்திலிருந்து சில நிமிட நடையில் உள்ள குயீன்ஸ் மார்க்கற்றுக்குச் செல்லலாம். மீனும் மரக்கறியும் துணியும் விற்கும் பழைய சந்தை. வெள்ளைக்காரக் கிழவியரும் வங்காளிகளும் தமிழரும் ஆபிரிக்கரும் வாங்கும் இடம். அதனை இடித்து 31 மாடிக் கோபுரம் உட்பட ஒரு தொகுதியைக் கட்டும் திட்டம் வந்தபோது, வியாபாரிகளும் வாங்குவோரும் ஒன்றுசேர்ந்து ஆண்டுக்கணக்கில் எதிர்த்தனர். 2009இல் இலண்டன் மேயர் அத்திட்டத்தை நிராகரித்தார். அப்போராட்டத்தின் மொழி கையறுநிலையன்று. யாருக்கு மலிவான மீன் வேண்டும், எத்தனை கடைகள், எவ்வளவு வாடகை, யார் தீர்மானிப்பது என்ற மொழி அது. இறந்த வள்ளல் எவரும் அவர்களுக்கு இருக்கவில்லை. அதுவே அவர்களின் பலமாயிற்று போலும். மைதானம் இருந்த இடத்திலும் பொது வீடுகளே கட்டப்பட வேண்டும் என்று ஓர் இயக்கம் எழுந்தது. கழகத்துக்காக அழுத பெருங்கூட்டம் அதன் பின் திரண்டிருப்பின் முடிவு வேறாயிருந்திருக்கலாம். புதிய அரங்கு எழுந்த ஒலிம்பிக் நிலத்திலிருந்தும் 2007இல் கிளேய்ஸ் லேன் கூட்டுறவுக் குடியிருப்பின் 400க்கு மேற்பட்டோர் அகற்றப்பட்டனர். வீடிழந்ததாகப் பாடியவர்களின் பாட்டில் மெய்யாகவே வீடிழந்தவர்கள் வரவில்லை.

பற்றுக்கொண்ட கூட்டம் எதற்கும் கையறுநிலை ஒன்றே வடிவமென்று கொள்ள வேண்டியதில்லை. மட்டக்களப்பார் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கண்ணகி வழிபாட்டோடு ஒட்டிய கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். முன்னது கோவலன் பக்கம், பின்னது கண்ணகி பக்கம். வளைந்த இரு கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி, இருபக்கத்தாரும் ஒன்று முறியும்வரை இழுப்பர். முறிந்தபின் வென்றவர் தோற்றவரை வசைபாடுவர். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளிவந்த 'மட்டக்களப்புத் தமிழக'த்தில் இதற்கு உரிய இடமளித்துள்ளார். சிங்கள மக்களிடையே பத்தினி வழிபாட்டோடு வழங்கும் 'அங்கெலிய'வும் இதன் உடன்பிறப்பே. இவ்விளையாட்டில் பார்வையாளர் என்ற இனம் ஏறக்குறைய இல்லை. சேரி பிறப்பால் வருவது. கயிற்றைப் பிடித்தவனே ரசிகன். அதன் பாட்டு வடிவமும் முரண்பாட்டின் வடிவம். எதிர்ப்பக்கம் இன்றிப் பாட்டில்லை. கண்ணகி புரவலன் முன் கைகட்டி நின்றவளல்லள், அரசவையில் வழக்குரைத்தவள் என்பதையும் இங்கு நினைக்கலாம். இலண்டன் ரசிகரும் எதிரணியை நோக்கிப் பாடும்போது இவ்வசை மரபில்தான் நிற்கிறார்கள். தம் உரிமையாளரை நோக்கித் திரும்பும்போது மட்டும் கையறுநிலைக்கு மாறிவிடுகிறார்கள். கொம்பை இலட்சியமயப்படுத்தவும் வேண்டியதில்லை. குடிமுறையும் போடியார் ஆதிக்கமும் அக்களத்தில் இல்லாமலில்லை; யார் எந்த இடத்தில் கயிறு பிடிப்பது என்பதிலும் சமூகப்படிநிலை இருந்தது. ஆனால் அக்களத்தை விற்க எவராலும் முடிந்ததில்லை.

நவீன உதைபந்தாட்டம் நம்மிடம் ஆலைவழி வரவில்லை; பாடசாலை வழியாகவும் மிஷன் வழியாகவும் வந்தது. மட்டக்களப்பு நகரின் பெரிய மைதானம் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரையே தாங்கியிருக்கிறது. எனவே நம்முடைய கழகங்கள் ஊரின் பெயரையும் கோயிலின் பெயரையும் சூடினவேயன்றி, தொழிலின் பெயரையல்ல. நம் மாவட்டத்துக்குத் தொழிற்காலமே இருந்ததில்லை என்று இதனாற் கொள்ளலாகாது. 1950களில் வாழைச்சேனையில் அரசு நிறுவிய காகித ஆலை நம் வயல்களின் வைக்கோலைக் காகிதமாக்கிற்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே நேரசூசியில் வேலைசெய்தனர். போர்க்காலத்தில் நலிந்து, போர் முடிந்தபின் உற்பத்தி நின்று, பின்னர் மீட்டெடுக்கும் முயற்சிகளைக் கண்ட ஆலை அது. அந்த ஆலைக்கும் நகரத்து மைதானத்துக்கும் இடையிலான நெடுஞ்சாலையிலேதான், புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவரும், தொழிற்பயிற்சி நிலையமொன்றை நடத்தியவருமான ஹீபேர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15ஆந் திகதி வாழைச்சேனையிலிருந்து புறப்பட்டுக் காணாமற்போனார். அவர் திரும்பி வரவில்லை. நமது தொழிற்கால நினைவு அமைதியான ஏக்கமாக உருவாக முடியாமைக்கு இத்தகைய காரணங்களும் உண்டு.

ஆயினும் அவ்வாலையைப் பற்றி நம்மிடையே இன்று நிகழும் பேச்சைக் கவனித்தால், கையறுநிலை இங்கும் தலைகாட்டுவதை அவதானிக்கலாம். 'பொன்னம்பலம் தந்த ஆலை' என்பது வழக்கமான தொடக்கம். 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அதில் பாரியாகிறார். காங்கேசன்துறைச் சீமெந்தையும் பரந்தன் இரசாயனத்தையும் இதையும் ஒரே மூச்சில் சொல்லிப் பெருமூச்செறிவதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த அமைச்சரவை மலையகத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த அமைச்சரவை என்பது அந்தப் பெருமூச்சில் வருவதில்லை. ஆலையை ஓட்டியவர்களும் வருவதில்லை.

அவர்களுட் பலர் இப்போது முதியோர். சேற்று வயலிலிருந்து வைக்கோல் கட்டி ஏற்றிய வண்டிக்காரனுக்குக் கட்டுக்கு என்ன கிடைத்தது, கூழ் அவிக்கும் கொதிகலனருகே இரவுமுறை நின்றவர் யார், எந்தக் கோரிக்கைக்காக எத்தனை நாள் வேலை நிறுத்தினர், 1985இல் தமிழரும் முஸ்லிம்களும் மோதிய நாள்களில் ஆலைக்குள் யார் யாரை மறைத்துவைத்தனர், யார் யாரைக் காட்டிக்கொடுத்தனர், மாலை முறை முடிந்ததும் பந்து எங்கே உருண்டது என்பனவற்றை அவர்களிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்ய ஒரு மாணவர் குழுவும் ஒரு பருவ விடுமுறையும் போதும்.